செக்குமாடு அல்ல, சிந்திக்கும் மனிதன்!

இரவு மணி பத்து. திருவான்மியூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலே, மூடிய கடைகளின் படிகளிலே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் இளைஞர்கள். முதுகிலே பெட்டி. உடம்பிலே வண்ணச் சட்டை. கையிலே கைப்பேசி. கண் அதைவிட்டு அகலவில்லை. ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தோழர்கள் அவர்கள். ஊராருக்குச் சோறு சுமக்கும் அவர்களிலே பலர், தாங்கள் இன்னும் இராச்சோறு உண்ணவில்லை.

"வீட்டுக்குப் போகவில்லையா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் ரெண்டு ஆர்டர் இருக்குண்ணே. அதை முடிச்சாத்தான் இன்சென்டிவ்" என்று பதில் வரும்.

இன்சென்டிவ்! ஊக்கத்தொகை! இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு பணம் என்று ஓர் இலக்கு. இலக்கைத் தொட்டால் பணம் உண்டு. ஒன்று குறைந்தாலும் அந்தப் பணம் இல்லை. மழை கொட்டியிருக்கலாம், வண்டி பஞ்சராகியிருக்கலாம், ஓட்டலிலே சமையல் தாமதமாகியிருக்கலாம். கணக்கெழுதும் இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு இரக்கம் இல்லை.

மேற்கே சிறிது தொலைவில், 2000-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட டைடல் பூங்கா விளக்கொளியிலே மின்னுகிறது. அங்கே உள்ளவர்களுக்குக் குளிர்ந்த அறை உண்டு, சாய்ந்த நாற்காலி உண்டு. ஆயினும் அத்தகைய கண்ணாடி மாளிகைகளிலே வேலை பார்ப்போரையும் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தூக்கிலே தொங்கவிட்டு, "இலக்கை முடி, பிறகு தருகிறோம்" என்றுதான் ஓட்டுகிறார்கள். அதற்குப் பெயர் 'வேரியபிள் பே'. பெயர் மாறியிருக்கிறது, பிடி மாறவில்லை.

கிழக்கே திரும்பினால் கடல். குப்பத்து மீனவனுக்கும் வேலைக்கேற்ற கூலி என்பது புதிதல்ல. மீன் விற்ற பணத்திலே செலவு போகப் படகுக்கும் வலைக்கும் பங்கு. ஏறிப்போன ஆட்களுக்கும் பங்கு. கடல் கைவிட்டால் படகுக்காரனுக்கும் இல்லை, கூடப் போனவனுக்கும் இல்லை. இலாபத்திலே பங்கு கொள்பவன் நட்டத்திலும் பங்கு கொள்கிறான். வண்ணச் சட்டைத் தோழனின் கதையிலே அந்த நியாயம் எங்கே? அவன் பத்தொன்பது ஆர்டர் முடித்து இருபதாவதிலே தவறினால், பத்தொன்பதுக்கும் உரிய கழிவை நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. நட்டம் அவனுக்கு மட்டும்!

முதலாளிமார் நெடுங்காலமாக இரண்டு மந்திரங்களை ஓதி வருகிறார்கள். ஒன்று, "காசைக் காட்டு, வேலை தானாக நடக்கும்" என்பது. மற்றொன்று, "அவனுக்கு மூளை அவ்வளவுதான், பிறவியிலேயே அப்படி" என்பது. இந்த இரண்டும் உண்மையா? உணர்ச்சியால் மட்டும் பதில் சொல்ல வேண்டாம். ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்ட முடிவுகளைக் கொண்டே பதில் சொல்லுவோம். அந்த ஆராய்ச்சிகளிலே முக்கியமானவை நம் மதுரைப் பக்கத்திலும், விழுப்புரத்திலும், இதே சென்னையிலும் நடந்தவை.

டெய்லர் கண்ட எருது

முதல் மந்திரத்துக்கு வேத நூல் எழுதியவர் அமெரிக்காவிலே பிறந்த பிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர். 1899-இல் பெத்லஹேம் இரும்பாலையிலே, வார்ப்பிரும்புப் பாளங்களைத் தூக்கி இரயில் பெட்டியிலே ஏற்றும் வேலையை அவர் கடிகாரத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு அளந்தார். நாளொன்றுக்கு ஒருவன் ஏற்றியது 12½ டன். பேசிய அளவை முடித்தால் கூடுதல் கூலி என்று ஆசை காட்டினார். "இப்போது தூக்கு, இப்போது நட, இப்போது உட்கார்" என்று ஆணைக்கு ஆணை ஆட்டி வைத்தார். ஏற்றிய அளவு 47½ டன் ஆயிற்று என்று 1911-இல் வெளியிட்ட தம் நூலிலே பெருமையோடு எழுதினார்.

கூலி எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? 1 டாலர் 15 செண்ட் இருந்தது 1 டாலர் 85 செண்ட் ஆயிற்று. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பெரிய பள்ளிக்கூடம் வேண்டாம், விரல்களே போதும்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இந்த வேலைக்கு ஏற்ற ஆள், எருதைப்போல மந்த புத்தி உடையவனாக இருக்க வேண்டும் என்று அதே நூலிலே அவர் எழுதிவைத்தார். ஆசை காட்டி ஓட்டுவதும், அறிவற்றவன் என்று தூற்றுவதும் ஒரே கையின் இரண்டு விரல்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டுகிறவன், "பார், அதற்குக் கண் தெரியவில்லை" என்று ஏளனம் செய்வது போன்றதல்லவா இது!

மதுரையிலே ஒரு சோதனை

ஆசை காட்டினால் வேலை கூடும் என்பது எல்லா வேலைக்கும் பொருந்துமா? இதைப் பார்க்க டான் ஏரியலி, ஊரி கினீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நினா மஸார் என்ற நான்கு ஆராய்ச்சியாளர்கள் மதுரை வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுதி வெளியிட்டது 2009-இல். காரணம் எளிது. பெரும் பரிசு கொடுத்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவிலே அதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது. நம் நாட்டுச் சிற்றூரிலே அவர்கள் பணத்துக்கு மதிப்பு அதிகம். நம் வறுமை அவர்கள் ஆராய்ச்சிக்கு மலிவாகப் போயிற்று! போகட்டும், முடிவைப் பார்ப்போம்.

87 பேர் கலந்துகொண்டனர். ஆறு விளையாட்டுகள். சில நினைவாற்றலைச் சோதிப்பவை, சில கைத்திறனைச் சோதிப்பவை, சில கவனத்தைச் சோதிப்பவை. ஒரு பிரிவினருக்கு ஒரு விளையாட்டிலே அதிகம் கிடைக்கக்கூடியது 4 ரூபாய். இன்னொரு பிரிவினருக்கு 40 ரூபாய். மூன்றாம் பிரிவினருக்கு 400 ரூபாய். அந்நாளிலே சிற்றூர்வாசி ஒருவரின் ஒரு மாதச் செலவை நெருங்கும் தொகை அது. ஆறிலும் வென்றால் 2400 ரூபாய்!

யார் நன்றாக ஆடினார்கள்? 400 ரூபாய்க்காரர்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. 4 ரூபாய்க்காரருக்கும் 40 ரூபாய்க்காரருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 400 ரூபாய்க்காரர்கள்தான் மோசமாக ஆடினார்கள். பணத்தின் அளவு கண்ணை மறைத்தது. கை நடுங்கிற்று. "இது போனால் எல்லாம் போயிற்று" என்ற அச்சம் நெஞ்சிலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த அச்சத்தின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எவனால் நிதானமாகச் சிந்திக்க முடியும்?

அதே ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவிலே எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்து மாணவர்களிடமும் சோதனை நடத்தினார்கள். ஒரு வேலை, இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவது. அதற்கு மூளை வேண்டாம், விரல் போதும். இன்னொன்று, எண்களைத் தேடிக் கூட்டுவது. அதற்கு மூளை வேண்டும். பரிசைப் பெரிதாக்கியபோது பொத்தான் அழுத்தும் வேலை கூடிற்று. எண் கூட்டும் வேலை கெட்டது. மதுரைப் பக்கத்துச் சிற்றூர்வாசிக்கும் எம்.ஐ.டி. மாணவனுக்கும் இதிலே வேறுபாடு இல்லை. பெருந்தொகையின் அச்சத்துக்கு முன்னே படித்தவன் மூளையும் தடுமாறிற்று.

ஆகவே ஆசைக் கூலியின் எல்லை எது என்பது தெரிகிறது. சிந்தனை வேண்டாத வேலையை அது கூட்டும். சிந்தனை வேண்டிய வேலையிலே, அளவு மீறினால் அதுவே கெடுக்கும்.

அப்படியானால், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எந்த வகை வேலை? கால் அழுத்துவதும் கை முறுக்குவதும்தானா? மாலை நேரத்துப் பழைய மகாபலிபுரம் சாலையிலே, முன்னே பேருந்து, பக்கத்திலே லாரி, குறுக்கே ஓடிவரும் குழந்தை, அடுத்த நொடி மாறப்போகும் சிக்னல். அத்தனையையும் கணப்பொழுதிலே கணித்து முடிவெடுக்கும் வேலை அது. மூளையின் வேலை! அந்த மூளையின் மேல், "இன்னும் இரண்டு ஆர்டர், இருபது நிமிடம், இல்லையேல் இன்றைய பணம் போச்சு" என்ற பாறாங்கல்லை ஏற்றுகிறார்கள். பரிசு விளையாட்டிலே தடுமாறினால் பரிசு போகும். சாலையிலே தடுமாறினால் உயிர் போகும்.

ஒரே உழவன், இரண்டு அறிவா?

இனி இரண்டாவது மந்திரம். "அவனுக்கு மூளை அவ்வளவுதான்."

இந்த மந்திரம் நமக்குப் பழையது. 'தகுதி, திறமை' என்ற பெயரிலே நம் பிள்ளைகளைக் கல்லூரி வாசலிலே தடுத்து நிறுத்திய மந்திரம் இது. 1953-இல், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்திலே அப்பன் தொழிலைப் பழகு என்று வந்த கல்வித் திட்டம் இதன் மறுவடிவம். நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் மந்திரம் மட்டும் சாகவில்லை. அலுவலகம் தோறும், ஆலை தோறும் முணுமுணுக்கப்படுகிறது.

இதற்குச் சரியான விடை 2013-இலே விழுப்புரம், திருவண்ணாமலைக் கரும்புக் காட்டிலிருந்து வந்தது. ஆனந்தி மணி, தமிழ்நாட்டுச் சிற்றூரிலே பிறந்த செந்தில் முல்லைநாதன், இவர்களோடு எல்டர் ஷஃபீர், ஜியாயிங் சாவ் ஆகியோர் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பு விவசாயியின் வாழ்க்கையை நாம் அறிவோம். வெட்டுமுன் கையிலே காசிராது. வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்தால்தான் மூச்சு வரும். அவர்கள் கண்டதும் அதுவே: அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள், அறுவடைக்குப் பின் நூற்றுக்கு 4 பேர்.

ஒரே விவசாயியிடம் இரண்டு முறை, அறுவடைக்கு முன்னும் பின்னும், அறிவுச் சோதனை வைத்தார்கள். ஒன்று, படத்திலே விடுபட்ட பகுதி எது என்று கண்டுபிடிக்கும் புதிர். இன்னொன்று சுவையானது. '5 5 5' என்று எழுதிக் காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். 'மூன்று' என்று சொல்ல வேண்டும்; அவசரப்பட்ட நாக்கோ 'ஐந்து' என்று சொல்லிவிடும். மனத்தை அடக்கிப் பதில் சொல்லும் திறனுக்கு இது சோதனை.

முடிவு என்ன? அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 படப் புதிர்களுக்குச் சரியான விடை சொன்னவர்கள், அறுவடைக்குப் பின் 5.45 புதிர்களுக்குச் சொன்னார்கள். எண் சோதனையிலும் விரைவு கூடிற்று, பிழை குறைந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அதே மனிதன். அதே மூளை. அதே அப்பனுக்குப் பிறந்தவன். இடையிலே அவன் பள்ளிக்கூடம் போகவில்லை, பாடம் படிக்கவில்லை. கரும்பு வெட்டினான், கடனைக் கட்டினான், அடகு வைத்த தாலியை மீட்டான். அறிவு பளிச்சிட்டது! அப்படியானால் முன்பு அவன் அறிவை மறைத்தது எது? பிறவியா? ஜாதியா? தலைவிதியா? இல்லை. வட்டிக்காரன் நாளை வந்தால் என்ன சொல்வது என்ற எண்ணம் இரவும் பகலும் அவன் மூளையிலே குடியிருந்தது. கடன் ஒழிந்ததும் மூளை அவனுக்கே திரும்பி வந்தது.

ஒடிசாவிலே இலைத் தட்டுத் தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த இன்னோர் ஆராய்ச்சியும் இதையே சொல்லுகிறது. தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. அதை ஒரு காசும் உயர்த்தவில்லை. சேர்ந்திருந்த கூலியைச் சிலருக்கு மட்டும் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பணம் கைக்கு வந்த பிறகு அவர்கள் தைத்த தட்டுகள் கூடின. கவனக்குறைவால் வரும் பிழைகள் குறைந்தன. ஏழ்மை மிகுந்தவர்களிடமே இந்த மாற்றம் மிகுதியாக இருந்தது. உழைத்தவனுக்கு உரிய பணத்தை உரிய காலத்திலே கொடு. அதைவிடச் சிறந்த ஊக்கத்தொகை வேறு இல்லை என்பது இதன் பொருள்.

சோறும் உறக்கமும்

இனி நம் சென்னைக்கே வருவோம். ஹெதர் ஸ்கோஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளர் இங்கே சைக்கிள் ரிக்‌ஷா இழுத்த மெலிந்த உடல் தோழர்களிடம் ஐந்து வாரம் ஆய்வு நடத்தினார். நாளொன்றுக்கு 700 கலோரி கூடுதல் உணவு. செய்த வேலையும் கிடைத்த வருமானமும் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் கூடின. "சோம்பேறி, மரத்தடியிலே படுத்துக் கிடக்கிறான்" என்று அவனைத் தூற்றியவர்கள் எத்தனை பேர்! அவன் வயிற்றைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வயிற்றுக்கு அடுத்தது உறக்கம். 2021-இலே வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று. சென்னையிலே குறைந்த வருமானமுள்ள 452 பேர். கணினியிலே எழுத்தும் எண்ணும் பதியும் வேலை அவர்களுக்கு. மணிக்கட்டிலே கருவி கட்டி உறக்கத்தை அளந்தார்கள். எட்டு மணி நேரம் பாயிலே கிடக்கிறார்கள். உறங்குவதோ ஐந்தரை மணி நேரம்! புழுக்கம், கொசு, வண்டிச் சத்தம், ஒரே அறையிலே ஐந்தாறு பேர். குடிசையிலும் குடியிருப்பு வாரிய வீட்டிலும் இருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாய், மெத்தை, விசிறி, காதடைப்பான் கொடுத்தார்கள். "அதிகம் உறங்கினால் பணம்" என்று ஆசையும் காட்டிப் பார்த்தார்கள். இரவு உறக்கம் 27 நிமிடம் கூடிற்று. ஆனால் வேலை கூடவில்லை. அறிவுத்திறனிலும் மாற்றம் இல்லை. துண்டு துண்டான உறக்கம் துண்டு துண்டாகவே நீண்டது.

ஆனால் பகலிலே, வேலை செய்யும் இடத்திலேயே, அமைதியான ஓர் இடம் ஒதுக்கி அரைமணி நேரம் உறங்க விட்டார்கள். அப்போதுதான் மாற்றம் வந்தது. எழுந்தபின் வேலை விரைந்தது, கவனம் கூடிற்று, மனம் தெளிந்தது. வெறும் இடைவேளை எடுத்தவர்களைவிட உறங்கி எழுந்தவர்கள் நன்றாக உழைத்தார்கள்.

இதிலே ஒரு முள் இருப்பதையும் மறைக்கக் கூடாது. செய்த வேலைக்குத்தான் காசு; உறங்கிய அரைமணிக்குக் காசு இல்லை. ஆகவே இடைவேளையே எடுக்காமல் உழைத்தவனைவிட, உறங்கியவனின் அன்றைய கூலி குறைந்தது. பாருங்கள் இந்தப் பொறியை! ஓய்வு அவனுக்கு நல்லது, வேலைக்கும் நல்லது, அதன் விலையை மட்டும் அவன் தன் கூலியிலே கட்ட வேண்டும்! இந்தக் கணக்கு இருக்கும்வரை எந்த ஏழை துணிந்து கண்ணை மூடுவான்? ஆகவேதான், பீஸ் ரேட் முறையிலே ஓய்வு நேரத்துக்கும் கூலி வேண்டும் என்கிறோம்.

மறுப்போர்க்கு மறுமொழி

"ஊக்கத்தொகை இல்லாவிட்டால் எவனும் வேலை செய்ய மாட்டான்" என்பார்கள் சிலர். ஊக்கத்தொகையே கூடாது என்று நாம் கூறவில்லை. திறமையாக உழைத்தவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். அடிப்படைக் கூலியைக் குறைத்து வைத்துவிட்டு, குறைத்ததையே ஊக்கத்தொகை என்று திருப்பிக் காட்டுவதுதான் அநியாயம். நம் பணத்தை நமக்கே பிச்சையாகப் போடுகிறார்கள். தீபாவளி போனஸ் எசமானின் கருணை என்று ஒரு காலத்திலே சொன்னவர்களும் இவர்களே. அது கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலி என்று தொழிலாளர் இயக்கம் வாதாடிற்று; 1965-இல் சட்டம் வந்தது. நூற்றுக்கு 4 என்று தொடங்கிய குறைந்த அளவு பின்னர் 8.33 ஆயிற்று. கருணை அன்று, உரிமை!

"ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றனவா?" என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. ஏரியலி பங்கேற்ற வேறொரு கட்டுரை, அதன் தரவுகள் பொய்யானவை என்று வெளிப்பட்டதால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவிலே சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் அறிவுச் சோதனை வைத்து 2016-இல் வெளியிட்டவர்கள் பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. ஆனால் சம்பளத்துக்குச் சில நாள் முந்திய நெருக்கடி வேறு, மாதக்கணக்கிலே அடகுக் கடைப் படியேறும் நெருக்கடி வேறு. ஒரே தூணை நம்பி நாம் மண்டபம் கட்டவில்லை. மதுரைத் தூணை எடுத்துவிட்டாலும், கரும்புக் காடும், இலைத் தட்டும், ரிக்‌ஷாவும், பகல் உறக்கமும் நிற்கின்றன. பகுத்தறிவு கற்றவர்கள் நாம். எதையும் கேள்வி கேட்டே ஏற்றுக்கொள்வோம். கேள்விக்குப் பிறகும் நிற்கும் உண்மை இது: மனிதனின் திறமை வெறுங்காற்றிலே மிதப்பதில்லை. சோற்றிலும், உறக்கத்திலும், கவலையற்ற நெஞ்சிலும் வேர் ஊன்றி நிற்கிறது.

நம் மண் அறிந்த உண்மை

வெளிநாட்டார் வந்து எழுதுமுன்பே இந்த உண்மையை நம் இயக்கங்கள் கண்டுகொண்டன. 1920-இலே நீதிக்கட்சியின் ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. காமராசர் காலத்திலே மதிய உணவு, 1982-இலே சத்துணவு, 2022-இலே காலை உணவு என்று அது வளர்ந்தது. "படித்து முதல் மதிப்பெண் வாங்கு, பிறகு சோறு போடுகிறோம்" என்று எந்தத் தாயாவது சொல்வாளா? முதலிலே சோறு, பிறகு பாடம். பள்ளிப் பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட நியாயத்தை, அவன் வளர்ந்து தொழிலாளியானதும் மறுப்பானேன்?

1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பெரம்பூரிலே சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. வாடியாவும், திரு.வி.க.வும், செல்வபதி செட்டியாரும், இராமானுஜலு நாயுடுவும் உழைத்து உருவாக்கிய சங்கம். பின்னி ஆலைத் தொழிலாளரின் முதல் முறையீடுகளிலே ஒன்று எது? நண்பகல் உணவுக்கு விடும் அரைமணி நேரம் போதாது என்பது! கூலியோடு ஓய்வையும் கேட்டுப் பிறந்தது நம் தொழிலாளர் இயக்கம்.

அந்த வழியிலேதான், கடையிலே நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2021-இலே தமிழ்நாட்டிலே சட்டத் திருத்தம் வந்தது. தியாகராய நகர்த் துணிக்கடைகளிலே காலையிலிருந்து இரவு வரை கால் கடுக்க நின்ற சகோதரிகளுக்கு அதன் அருமை தெரியும். வண்டியோட்டித் தோழர்களுக்காக 2023-இலே தமிழ்நாட்டிலே தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. இவை நல்ல தொடக்கம். தொடக்கத்திலேயே நின்றுவிடலாமா?

நாம் கேட்பது என்ன?

வேலைக்கு வந்திருக்கும் நேரம் முழுவதுக்கும், ஆர்டருக்காகக் காத்துக் கிடக்கும் நேரம் உட்பட, அடிப்படைக் கூலி வேண்டும். காத்திருப்பவன் தன் நேரத்தை விற்றுவிட்டவன். விலை கொடுக்க வேண்டாமா?

ஊக்கத்தொகை படிப்படியாக இருக்க வேண்டும். பத்தொன்பது முடித்தவனுக்குப் பத்தொன்பதுக்குரியது கிடைக்க வேண்டும். இருபதாவதிலே தலையைப் பணயம் வைக்கும் சூதாட்டம் ஒழிய வேண்டும்.

கூலி குறித்த நாளிலே கைக்கு வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வட்டிக்காரனுக்கே வரவு.

ஓய்வுக்கு இடம் வேண்டும். ஓய்வுக்குக் கூலியும் வேண்டும். சென்னை மாநகராட்சி 2025-இலே அண்ணா நகரிலே திறந்தது போன்ற ஓய்வறைகள், அரண்மனைத் தெருவிலே மட்டுமின்றி உழைப்பவன் நிற்கும் தெருவெல்லாம் பெருக வேண்டும்.

கூலியைக் கணக்கிடும் இயந்திரத்தின் விதி தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேஸ்திரியிடம் எவனும் நியாயம் கேட்க முடியாது.

இவற்றிலே எது முதலாளிக்கு நட்டம்? நன்றாக உண்டவன், உறங்கியவன், கடன் தொல்லை தீர்ந்தவன், சாலையிலே அச்சமின்றிப் போகிறவன் இன்னும் நன்றாகத்தானே உழைப்பான்? 1914-இலே ஃபோர்டு மோட்டார் முதலாளி நாட்கூலியை 5 டாலர் வரை உயர்த்தி, வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். தொழிலாளர் மீது கொண்ட காதலால் அல்ல. வந்தவர்கள் நிலைக்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால்! நல்ல கூலி இலாபக் கணக்குக்கும் பகையல்ல என்பதை அவரே கண்டுகொண்டார்.

கழகத் தோழர்களே, கிளைச் செயலாளர்களே, உங்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் பகுதியிலே இந்த இளைஞர்கள் கூடும் இடம் உங்களுக்குத் தெரியும். திருவான்மியூரிலே பேருந்து நிலையத்துப் பக்கம், ஓட்டல் வாசல், சிக்னல் ஓரம். ஒரு மாலை அங்கே போங்கள். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். பக்கத்திலே உட்காருங்கள். நல வாரியத்திலே பெயர் பதிந்துவிட்டாயா தம்பி என்று கேளுங்கள். பதியாதவனுக்குக் கைகொடுத்துப் பதிய வையுங்கள். இன்சென்டிவ் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அநியாயம் தானாகப் பேசும். பெரம்பூரிலே சங்கம் பிறந்ததும் இப்படி நாலு பேர் உட்கார்ந்து பேசியதிலேதான்.

மணி பத்தரை. கைப்பேசி ஒலிக்கிறது. ஒருவன் எழுந்து ஓடுகிறான். வண்டி சீறிக்கொண்டு கிளம்புகிறது. இன்னும் ஒன்று பாக்கி. வீட்டிலே ஒரு தாய் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவள் காத்திருப்பது ஊக்கத்தொகைக்கு அல்ல. மகனுக்கு.

அவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். வயிறார உண்ண வேண்டும். கண்ணார உறங்க வேண்டும். அதன் பிறகு பாருங்கள் அவன் திறமையை!